அலுவலக இன்டர்நெட் போனுக்கு டயல் விதி எழுதுவது எப்படி?

சென்ற பெரும்போக அறுவடைக் காலத்தில் தம்பலகாமத்தில் உள்ள எமது நெல் களஞ்சியத்தில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து இந்த வாரப் பாடத்தை ஆரம்பிக்கிறேன். முள்ளிப்பொத்தானைப் பக்கமிருந்து வந்த லொறியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நாட்டாமை ஒருவர், அஸருக்குச் சற்று முன்னர் நெஞ்சைப் பிடித்தபடி தராசுக்குப் பக்கத்தில் சாய்ந்து விட்டார். கணக்கு எழுதும் தம்பி பதறிப்போய் மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்து 1990 என்று அழுத்தினார். மூன்றாவது இலக்கத்தை அழுத்தியதுமே 'டுட் டுட்' என்ற சத்தம்தான் வந்தது. நான்காவது இலக்கத்தை அழுத்த அந்தத் தொலைபேசி இடமே கொடுக்கவில்லை. மறுபடி முயன்றார், அதே சத்தம். பொலிஸுக்காவது சொல்லலாம் என்று 119 அழுத்தினார். அதற்கும் அதே சத்தம்.

"காக்கா, போன் வேலை செய்யல்ல!" என்று அவர் கத்திக்கொண்டு ஓடி வந்தபோது நான் வுழூச் செய்துகொண்டிருந்தேன். கடைசியில் லொறிச் சாரதியின் மொபைலில் இருந்துதான் அம்புலன்ஸை அழைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் மூன்று நான்கு நிமிடங்களை நாம் வீணாக்கியிருந்தோம். அந்தத் தொலைபேசி பழுதானதல்ல. பத்து நிமிடங்களுக்கு முன்னர்தான் அதே கருவியில் கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் கடை வைத்திருக்கும் எனது மச்சானுடன் அரிசி விலை பேசியிருந்தேன். பழுது இருந்தது கருவிக்குள் எழுதப்பட்டிருந்த ஒரே ஒரு வரியில். அந்த வரிக்குத்தான் டயல் விதி என்று பெயர்.

எம்மவர்களில் பலர் இப்போது கடை, ஆலை, களஞ்சியம் என்று இரண்டு மூன்று இடங்களில் வியாபாரம் செய்கிறார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே இன்டர்நெட் தொலைபேசி அமைப்பை வைத்துக்கொண்டால், தம்பலகாமத்திலிருந்து புறக்கோட்டைக் கடைக்கு மூன்று இலக்கத்தில் பேசலாம். அதற்கு அழைப்புக் கட்டணம் இல்லை. இந்த இலாபத்தைக் கண்டுதான் நானும் எட்டுக் கருவிகள் வாங்கிப் பூட்டினேன். பூட்டியவர் விதியை எழுதிவிட்டுப் போனார், நான் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. முதலாளி தெரிந்து வைத்திருக்க வேண்டிய விடயம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய கம்பித் தொலைபேசியில் நீங்கள் அழுத்தும் ஒவ்வோர் இலக்கமும் அந்தக் கணமே தொலைபேசி நிலையத்துக்குப் போய்விடும். எண் எப்போது முடிகிறது என்பதை நிலையமே அறியும். இன்டர்நெட் போன் அப்படியல்ல. மொபைலில் எண்ணை முழுமையாக அழுத்திவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறோமே, அதுபோல இதுவும் முழு எண்ணையும் சேர்த்து ஒரே தடவையில்தான் அனுப்பும். ஆனால் மேசைத் தொலைபேசியில் பச்சைப் பொத்தானைத் தேடும் பழக்கம் நமது ஊழியர்களுக்கு இல்லை. எனவே எண் எங்கே முடிகிறது என்பதைக் கருவியே ஊகித்தாக வேண்டும். அந்த ஊகத்துக்கான சட்டம்தான் டயல் விதி. அழுத்திய இலக்கங்கள் ஒரு வடிவத்துக்கு முழுமையாகப் பொருந்தி, வேறெந்த நீண்ட வடிவத்துக்கும் இடமில்லை என்றால் கருவி உடனே அனுப்பிவிடும். பொருந்தியும் வேறு வடிவத்துக்கு இடம் இருந்தால் சிறிது நேரம் காத்திருக்கும். எதற்குமே பொருந்தாவிட்டால் 'டுட் டுட்' தான்.

எங்கள் களஞ்சியத்தில் நடந்தது இதுதான். உள்ளக எண்களை 101, 102, 103 என்று கொடுத்திருந்தார்கள். அதற்காக விதியில் '1××' என்று எழுதியிருந்தார்கள். (விதியில் ஆங்கில எக்ஸ் எழுத்து 'எந்த ஓர் இலக்கமும்' என்பதைக் குறிக்கும். அதை இங்கே × என்று அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.) 1990 என்று அழுத்தத் தொடங்கியவர் 199 வரை வந்ததும், 'ஒன்றில் தொடங்கும் மூன்று இலக்கம் கிடைத்துவிட்டது' என்று கருவி அதை உள்ளக எண்ணாக அனுப்பிவிட்டது. 199 என்றொரு கருவி எங்களிடம் இல்லை. 119ம் அதே கதைதான். நாட்டின் பொலிஸ் அவசர எண்ணை, இல்லாத ஒரு மேசையாக எண்ணிக்கொண்டது. இதைவிட மோசமாகவும் நடந்திருக்கலாம். இன்னும் சில கருவிகள் வாங்கி வரிசையாக எண் கொடுத்திருந்தால் தீயணைப்புப் படையின் 110 எங்களது களஞ்சிய மூலையில் போய் ஒலித்திருக்கும்.

ஆகவே முதற் பாடம், உள்ளக எண்களை ஒருபோதும் ஒன்றில் தொடங்காதீர்கள். இலங்கையில் ஒன்றில் தொடங்குபவை அவசர, பொதுச் சேவைக் குறுகிய எண்கள். பொலிஸ் 119, தீயணைப்பு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அரச தகவல் நிலையம் 1919, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. 1990 என்பது சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை. 2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் எமது கிழக்கு உட்பட நாடு முழுவதற்கும் விரிந்தது.

அப்படியானால் எந்த இலக்கத்தில் தொடங்குவது? பூச்சியம் வெளியூர், மொபைல், வெளிநாட்டு அழைப்புகளுக்கு வேண்டும். 2 சரிவருமா என்றால் அதுவும் சிக்கல். எமது மாவட்டத்துக்குள் 026ஐ விட்டுவிட்டு ஏழு இலக்கத்தை மட்டும் அழுத்தும் பழக்கம் மூத்தவர்களிடம் இன்னும் இருக்கிறது. அந்த ஏழில் முதலாவது, 2003இல் எண்முறை மாறிய பிறகு, கம்பனியைக் காட்டும் இலக்கம். டெலிகொம் என்றால் 2, லங்கா பெல் என்றால் 5, டயலொக் என்றால் 7, முன்னாள் சன்டெல் என்றால் 4. (சன்டெல் 2012இல் டயலொக்குடன் சேர்ந்துவிட்டது. எண்கள் அப்படியே இருக்கின்றன.) நாங்கள் வழக்கமாக அழைக்கும் எண் எதுவும் 8இல் தொடங்குவதில்லை. எனவே எங்களது எட்டுக் கருவிகளுக்கும் 801 முதல் 808 வரை கொடுத்தேன். மச்சானின் கடை 805. "எனக்கு ஏன் நடுவில ஒரு நம்பர், முதலாவது தரக்கூடாதா?" என்று அவர் கேட்டது வேறு கதை.

இனி முழு விதியைப் பார்ப்போம். எங்களிடம் இருப்பவை லிங்க்ஸிஸ் எஸ்பிஏ வகைக் கருவிகள், பழையவைதான். அவற்றின் இலக்கணத்தில் எழுதியது இது:

(8××|11[0789]|1[2-9]××|<:026>[2-57]××××××|0[1-9]××××××××|<94:0>[1-9]××××××××|00966×××××××××|00974××××××××)

பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் நெடுங்கோடு ஒவ்வொன்றும் 'அல்லது' என்று சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு துண்டு துண்டாக வாசித்தால் நெல் கணக்கைவிட எளிது. சதுர அடைப்பு 'இவற்றில் ஏதாவது ஒன்று' என்பதைக் குறிக்கும். முதற்துண்டு எமது உள்ளக எண்கள். இரண்டாவது 110, 117, 118, 119 ஆகிய நான்கும், மூன்றாவது இலக்கத்திலேயே உடனே போகும். மூன்றாவது துண்டு 12 முதல் 19 வரை தொடங்கும் நான்கு இலக்க எண்கள். 1990, 1919, 1929 எல்லாம் இதற்குள் அடக்கம். இரண்டும் ஒன்றோடொன்று மோதாது என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது இலக்கம் 1 என்றால் ஒரு வழி, 2க்கு மேல் என்றால் மறு வழி.

நான்காவது துண்டில் உள்ள கூர் அடைப்பு மாற்றீடு. முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பதை எடுத்துவிட்டு வலப்பக்கம் இருப்பதை வை என்று பொருள். இடப்பக்கம் ஒன்றுமில்லை, வலப்பக்கம் 026. ஆக, எமது ஹாஜியார் ஒருவர் பழைய பழக்கத்தில் ஏழு இலக்கத்தை அழுத்தினாலும் கருவி தானாகவே 026ஐ முன்னால் சேர்த்துப் பத்தாக்கிவிடும். புறக்கோட்டைக் கடையில் உள்ள கருவிக்கு இந்த இடத்தில் 011 எழுத வேண்டும். ஒரே விதியை எல்லாக் கருவிக்கும் பிரதி பண்ணினால், கொழும்பிலுள்ளவர் அங்குள்ள ஏழு இலக்க எண்ணை அழுத்தத் திருகோணமலையில் யாரோ எடுப்பார். எமக்கு ஒரு கிழமை இப்படித்தான் நடந்தது.

ஐந்தாவது துண்டு சாதாரணமானது. பூச்சியம், அதன்பின் பூச்சியமல்லாத ஓர் இலக்கம், பிறகு எட்டு. மொத்தம் பத்து. மட்டக்களப்பு 065 ஆனாலும் கண்டி 081 ஆனாலும், 071, 077 மொபைல் ஆனாலும் இதற்குள் வரும். பத்தாவது இலக்கத்தை அழுத்திய மறுகணமே அழைப்புப் போய்விடும்.

ஆறாவது துண்டைப் பலர் எழுதுவதில்லை, பிறகு 'மிஸ்ட் கோலுக்குத் திருப்பி எடுத்தால் போவதில்லை' என்று முறையிடுவார்கள். உள்வரும் எண் சில இணைப்புகளில் 0இல் தொடங்காமல் 94இல் தொடங்கிக் காட்டும். கருவியின் பதிவிலிருந்து அப்படியே திருப்பி அழைத்தால் 94உடன் பதினொரு இலக்கம் போகும், வரி ஏற்காது. அந்த 94ஐ எடுத்துவிட்டுப் பூச்சியம் வைக்கிறது இந்தத் துண்டு. தவறவிட்ட ஒரு வாடிக்கையாளரைத் திருப்பிப் பிடிப்பது எவ்வளவு பெறுமதி என்பது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசி இரண்டும் சவூதியும் கட்டாரும். கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு, வியாபாரத் தொடர்பும் உண்டு. இதில் இரண்டு விடயங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, இலக்கங்களின் எண்ணிக்கை. பலர் '00×.' என்று எழுதிவிடுவார்கள். × உடன் ஒரு புள்ளி வந்தால் 'எத்தனை இலக்கமானாலும்' என்று பொருள். அப்படி எழுதினால் எண் எங்கே முடிகிறது என்று கருவிக்கு ஒருபோதும் தெரியாது. ஒவ்வோர் இலக்கத்துக்குப் பின்னும் சிறிய காத்திருப்பு நேரத்தை எண்ணத் தொடங்கும். இந்தக் கருவிகளில் அது 3 வினாடி. கொப்பியைப் பார்த்து நிதானமாக அழுத்துபவர் நான்கு வினாடி தயங்கினால் பாதி எண்ணோடு அழைப்புப் போய்விடும். சவூதியில் 966க்குப் பிறகு ஒன்பது இலக்கம். கட்டாரிலும் குவைத்திலும் எட்டு. அமீரக மொபைலுக்கு 971க்குப் பிறகு ஒன்பது. இந்தியாவுக்கு 91க்குப் பிறகு பத்து. எண்ணி எழுதினால் காத்திருப்பே இல்லை.

மற்றது பணம் சம்பந்தப்பட்டது. '00×.' என்பது உலகம் முழுவதற்கும் திறந்த கதவு. இன்டர்நெட் போனின் வாசல் எண் வழக்கமாக 5060. இன்டர்நெட்டில் இரவு பகலாக அந்த வாசலைத் தட்டிப் பார்த்துத் திரியும் திருட்டு நிரல்கள் ஏராளம். 101க்குக் கடவுச்சொல்லும் 101 என்று வைத்திருந்தால் நிமிடங்களில் உள்ளே வந்துவிடும். வந்தவர்கள் உங்கள் பேச்சை ஒட்டுக் கேட்பதில்லை, அதில் அவர்களுக்குக் காசு இல்லை. எங்கோ ஒரு நாட்டில் நிமிடத்துக்குப் பெரும் கட்டணம் அறவிடும் எண்ணை அவர்களே ஏற்பாடு செய்து வைத்திருப்பார்கள். உங்கள் இணைப்பிலிருந்து ஒரே நேரத்தில் பல அழைப்புகளை அந்த எண்ணுக்கு விடுவார்கள். கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும், பில் உங்களுக்கு வரும். பெரும்பாலும் கடை பூட்டியிருக்கும் இரவிலும் பெருநாள் விடுமுறையிலும்தான் இது நடக்கும். அழைப்பு உங்கள் இணைப்பிலிருந்து போயிருப்பதால் 'நான் பேசவில்லை' என்பது இலகுவில் எடுபடாது. எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி நோன்புப் பெருநாள் முடிந்து வந்து கடையைத் திறந்தபோது, மூன்று மாத இலாபத்துக்குச் சமமான பில் அவருக்காகக் காத்திருந்தது.

எனவே வெளிநாட்டு விதியை நாடு நாடாக எழுதுங்கள். அதையும் முதலாளியின் கருவியிலும் ஏற்றுமதி இறக்குமதி பார்ப்பவரின் கருவியிலும் மட்டும் வையுங்கள். தராசடியிலும் களஞ்சியத்திலும் இருப்பவற்றுக்குக் கடைசி இரு துண்டுகளும் வேண்டியதில்லை. ஆனால் ஓர் உண்மையை மறக்கக் கூடாது. கருவியில் எழுதும் விதி அந்தக் கருவியைத் தொடுபவரை மட்டுமே தடுக்கும். கள்ளன் உங்கள் கருவியைத் தொடுவதில்லை, அவன் கடவுச்சொல்லைக் கொண்டு நேரே நடுச் சேர்வருக்குப் போகிறான். ஆகவே இதே தடை சேர்வரிலும் இருக்க வேண்டும். சேவை தரும் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு மாதத்துக்கு ஓர் உச்ச வரம்பும் போட்டுக்கொள்ள வேண்டும்.

சேர்வர் என்றதும் ஆஸ்டரிஸ்க் பற்றி இரண்டு வார்த்தை. 1999இல் அமெரிக்கரான மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. சிறிய அலுவலகங்களில் பூட்டித் தரப்படும் அமைப்புகள் பலவற்றின் உள்ளே இருப்பது அதுதான். அதன் விதி கீழ்க்கோட்டில் தொடங்கும். எக்ஸ் என்றால் 0 முதல் 9, இசட் என்றால் 1 முதல் 9, என் என்றால் 2 முதல் 9. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளைப் பிரதி பண்ணுபவர்கள் கீழ்க்கோடு, எக்ஸ், புள்ளி என்ற மூன்றையும் வைத்துவிட்டு 'எல்லாம் வேலை செய்கிறது' என்று சொல்லிப் போவார்கள். எல்லாம் வேலை செய்வதுதான் ஆபத்து. உங்கள் சேர்வரில் அப்படியொரு வரி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் பூட்டியவர் முகத்தைப் பார்த்தாலே விளங்கும்.

கருவி பெட்டியிலிருந்து வரும்போதே ஒரு விதியோடு வருமே, அதை விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எஸ்பிஏ கருவிகளில் அப்படி வருவது அமெரிக்க விதி. 911, 411 அதில் இருக்கும், 1990 இருக்காது. 0 என்று தனியாக அழுத்தினால் ஒப்பரேட்டர் என்று அதில் எழுதியிருக்கும். எனவே 0ஐ அழுத்திவிட்டு மீதி எண்ணைக் கொப்பியில் தேடும் மூன்று வினாடிக்குள் வெறும் பூச்சியத்துக்கு அழைப்புப் போய்விடும். நமது பத்து இலக்க எண் அதில் எந்த வடிவத்திலும் நிறைவு பெறுவதில்லை. 'சாமான் சரியில்லை' என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்ட கருவிகள் எத்தனை இந்த ஒரு வரியால் போயிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. யீலிங்க், கிராண்ட்ஸ்ட்ரீம் போன்ற வேறு கம்பனிக் கருவிகளில் எழுதும் முறை சற்று மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறாது.

அவசர எண்ணில் இன்னொரு பொறி இருக்கிறது. விதி சரியாக இருந்து 119 கருவியை விட்டு வெளியேறினாலும், சேர்வர் அதை எந்த வரியில் அனுப்புகிறது? எமது வெளி அழைப்புகள் அனைத்தும் கொழும்புக் கடையின் வரியால் போகும்படிதான் முதலில் அமைத்திருந்தோம், அது மலிவு. அப்படியானால் தம்பலகாமத்தில் ஆபத்தில் இருப்பவரின் 119 அழைப்பு கொழும்பு எண்ணோடு கொழும்பிலிருந்து வந்ததாகப் பதிவாகலாம். குறுகிய எண்களைச் சில வரிகள் ஏற்பதே இல்லை. ஆகையால் ஒன்றில் தொடங்கும் அழைப்புகளை மட்டும் இங்குள்ள 026 வரியாலேயே அனுப்பும்படி சேர்வரில் தனியாக எழுதுவித்தேன்.

எழுதிய பிறகு சோதிக்க வேண்டும். ஒவ்வொரு கருவியிலும், முதலாளியின் மேசையில் மட்டுமல்ல. 1919ஐ அழைத்துப் பாருங்கள். அது போனால் கருவியில் 1990க்கான துண்டும் சரி, ஏனெனில் இரண்டும் ஒரே துண்டில் அடங்குபவை. வரி 1990ஐ ஏற்கிறதா என்பதற்கு ஒரேயொரு தடவை அழைத்து, எடுத்தவுடனே 'இது சோதனை அழைப்பு, இங்கு ஆபத்து ஒன்றுமில்லை' என்று சொல்லி வைத்துவிடலாம். எட்டுக் கருவியிலும் எட்டுத் தடவை அம்புலன்ஸ்காரரைத் தொல்லைப்படுத்த வேண்டாம். பிறகு ஓர் ஏழு இலக்க எண், ஒரு மொபைல், ஒரு வளைகுடா எண், அத்துடன் போகக் கூடாத ஒரு வெளிநாட்டு எண். கடைசியில் சொன்னது போகாமல் 'டுட் டுட்' என்றால் மகிழ்ச்சியடையுங்கள்.

மின்சாரம் நின்றால் இத்தனையும் நிற்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பழைய செப்புக் கம்பி இணைப்புக்கு நிலையத்திலிருந்தே மின் வந்தது. இன்டர்நெட் போனுக்கு ரவுட்டரும் சேர்வரும் கருவியும் மூன்றும் உயிரோடு இருக்க வேண்டும், ஃபைபர் இணைப்பிலும் அப்படியே. ரவுட்டருக்கும் சேர்வருக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் வையுங்கள். அதற்கு மேலும் தராசடியில் ஒரு சாதாரண பொத்தான் மொபைலை எப்போதும் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறோம். அதை வீட்டுக்குக் கொண்டுபோக யாருக்கும் அனுமதியில்லை, எனக்கும்தான்.

விதியை ஒரு தாளில் அச்சிட்டு, திருத்திய திகதியோடு கணக்குக் கொப்பியின் பின் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். கருவி பழுதாகி மாற்றும்போது அந்தத் தாளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று கணக்குத் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் அதற்குக் கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'புதிய போன் வந்தால் முதலில் 1919 அடித்துப் பார்க்கவும்.' அந்த நாட்டாமை இப்போது மூட்டை தூக்குவதில்லை. தராசடியில் சீட்டு எழுதுகிறார். அவரது மேசையில் இருப்பது 804.